தொட்டிலருகே ஒரு பள்ளிக்கூடம்

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுக்கும் மிளகும் மணக்கும் பண்டசாலைகளைக் கடந்து எங்கள் சந்துக்குள் நுழைவோர், வீட்டுக்கு வீடு தாளால் செய்த நட்சத்திர விளக்குகள் தொங்குவதைக் காண்பர். கிறித்தவர் இல்லங்களில் மட்டுமன்று; கொங்கணியர் வீட்டிலும், குஜராத்தியர் வீட்டிலும், முஸ்லிம் அன்பர் ஒருவரின் கடைவாசலிலும் அவ்விளக்கு உண்டு. எங்கள் வாசலிலும் ஒன்று தொங்குகிறது. அதன் கீழே மார்கழிக் கோலம். கிறிஸ்துமஸ் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கெல்லாம் பத்து நாள் விடுமுறை விட்டாயிற்று. தெருவெங்கும் பிள்ளைகளின் ஆரவாரம்.

எங்கள் இல்லத்திற்கு மட்டும் அத்தகைய விடுமுறை இல்லை. எட்டு வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் வீட்டிலேயே கல்வி புகட்டிவருகிறோம். நவம்பர் 27ஆம் நாள் மூன்றாவதாக ஓர் ஆண் மகவும் பிறந்தது. அன்றுமுதல் எங்கள் பள்ளிக்கூடம் தொட்டிலருகே நடைபெறுகிறது. அது எவ்வாறு நடக்கிறது, எங்கே இடறிற்று, அதிலிருந்து பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்குப் பயன்படக்கூடியது யாது என்பவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பலரும் கேட்கும் கேள்வி இதுவே. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி அளிக்கும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவுமில்லை. அதனை மேற்கொள்ளும் பெற்றோருக்குத் தண்டனை விதிக்கவுமில்லை. வீட்டில் பயின்ற பிள்ளை பதினான்கு வயது நிறைந்தபின், 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். பள்ளிக்கு அனுப்புவதே எல்லோர்க்கும் தக்கது என்போருடன் நாங்கள் வாதிட வரவில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையாயினும் தமிழை மட்டும் வீட்டில்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு வகையில் வீட்டுப் பள்ளியேயாகும். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இல்லாமலில்லை. ஆனால் அவை பெரும்பாலும் பாலக்காடு, இடுக்கி முதலிய எல்லை மாவட்டங்களில் உள்ளன. 2017இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இம்மாநிலப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயப் பாடம். தான் வாழும் மண்ணின் மொழியைப் பிள்ளை கற்பது முறையே. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. மகவு மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாம் நாள், எங்கள் மகள் தொட்டிலை மெல்ல ஆட்டியவாறு, "வாவே, உறங்ஙிக்கோ" என்றாள். குழந்தையை 'வாவ' என்பது மலையாள வழக்கு. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தெருவில் அண்டை வீட்டுப் பெண்கள் தம் தம்பி தங்கையரைக் கொஞ்சுவதைக் கேட்டிருந்தாள். கொஞ்சும் மொழி அதுவே என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டது. எங்களிடம் தமிழில் பேசுபவள், தமிழ்ப் பாடநூலைத் தடையின்றிப் படிப்பவள், அன்பு மிகுந்தபோது வேறு மொழிக்குச் சென்றாள். அன்றிரவு நாங்கள் நெடுநேரம் உறங்கவில்லை. மகவின் அழுகை மட்டுமே அதற்குக் காரணமன்று.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் மொழி நழுவும் வழி பெரும்பாலும் இதுதான். தலைப்பிள்ளைக்குப் பெற்றோரே உலகம். அது தமிழ் பேசும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளுக்கோ மூத்த பிள்ளையே உலகம். மூத்தது தெருவின் மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்தால், இளையது அதிலேயே வளரும். பெற்றோர் தமிழில் கேட்க, பிள்ளைகள் வேறு மொழியில் விடை கூறும் வீடுகளை பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நாம் கண்டதில்லையா? எங்கள் வீட்டில் அதற்கான கதவு திறக்கும் ஓசையை நாங்கள் கேட்டுவிட்டோம்.

பச்சைக் குழந்தைக்கு எந்த மொழியாயினும் ஒன்றுதானே என்று சிலர் ஆறுதல் கூறினர். ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இருவர், பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தனர். வாயில் வைத்த ரப்பர்க் காம்பைக் குழந்தை ஒரு வகையில் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும்; வேறு வகையில் சப்பினால் அயலாள் ஒருத்தியின் குரல் ஒலிக்கும். குழந்தைகள் தாயின் குரல் கேட்குமாறு தாம் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன. 1993இல் மூன், கூப்பர், ஃபைஃபர் ஆகியோர் செய்த ஆய்வில், இரண்டு நாள் குழந்தைகள் தாய் பேசும் மொழியையே அயல்மொழியைவிட விரும்பிக் கேட்பது தெரியவந்தது. கருவறையிலேயே மொழியின் ஏற்ற இறக்கம் செவியில் படிந்துவிடுகிறது. உலகின் எல்லா மொழி ஒலிகளையும் பிரித்தறியும் ஆற்றலுடன் பிறக்கும் குழந்தை, முதலாண்டு முடிவதற்குள் தான் அன்றாடம் கேட்கும் ஒலிகளில் மட்டும் கூர்மை பெற்று, பிறவற்றில் மெல்ல மழுங்குகிறது.

இங்கே ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் ழகரத்திற்கு மட்டாஞ்சேரியில் கேடில்லை. தமிழ்நாட்டிலேயே பலர் வாழைப்பழத்தை வாளைப்பளமாக்கி உண்ணுகையில், எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரர் மழையையும் வழியையும் பழுதறச் சொல்லுகிறார். எங்கள் மகனின் ழகரத்திற்கு அவரும் ஓர் ஆசிரியரே.

ஆகவே மலையாளத்தைத் தடுப்பதன்று வழி என்று துணிந்தோம். தடுத்தால் மகள் வாய் மூடிக்கொள்வாள். மகவுக்கு இரு மொழியும் கிடையாமற்போகும். கொஞ்சுவதற்குரிய தமிழ் அவளிடம் இல்லை என்பதே உண்மைக் குறை. பாடநூலில் தாலாட்டு உண்டு. ஆனால் அதைத் தொட்டிலருகே பாடிக் கேட்டவள் அல்லள். இக்குறையைத் தீர்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி வந்து சேர்ந்தார்கள்.

ஆச்சி பள்ளி சென்றது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆனால் அவர்கள் தொட்டில் கயிற்றைப் பிடித்துத் தொடங்கினால் அரை மணி நேரத்திற்குப் பாட்டு ஓயாது. குழந்தை ஏன் அழுகிறது, அதை அடித்தவர் மாமனா, அத்தையா, பாட்டனா என்று ஒவ்வொருவராய் வினவிச் செல்வது நம் தாலாட்டின் மரபு. உறவுப் பெயர் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அண்ணனையும் அக்காளையும் சேட்டன், சேச்சி என்று மட்டுமே தெருவில் கேட்டிருந்த எங்கள் பிள்ளைகள், தாய்மாமனுக்கும் சிற்றப்பனுக்கும் குழந்தையின் மீதுள்ள வெவ்வேறு உரிமைகளை அப்பாட்டிலிருந்தே அறிந்தனர். மகள் ஒரு குறிப்பேட்டில் ஆச்சி பாடுவதை எழுதத் தொடங்கினாள். சொல்வதெழுதுதல் என்று நாங்கள் முன்பு நாள்தோறும் வற்புறுத்திய பயிற்சி, இப்பொழுது அவளே விரும்பிச் செய்யும் தொழிலாயிற்று. ஆச்சி ஒருநாள் பாடியவாறு மறுநாள் பாடுவதில்லை, சொற்கள் மாறும். "நேத்து வேறு மாதிரிச் சொன்னீங்களே, ஆச்சி?" என்று மகள் கேட்க, "நேத்து அழுத பிள்ளையும் இன்னைக்கு அழுத பிள்ளையும் ஒண்ணா, ஏளா?" என்று ஆச்சி கேட்டார்கள். ஏட்டில் இரண்டு வகையும் எழுதப்பட்டன.

அண்டை வீட்டுக் கிறித்தவ அம்மையார் தொட்டிலைக் காண வந்தபோது மலையாளத் தாலாட்டு ஒன்றைப் பாடினார். இரயிம்மன் தம்பி, 1813இல் பிறந்த சுவாதித் திருநாள் மன்னருக்காக இயற்றியது அது. 'ஓமனத்திங்கள்' என்று அது தொடங்கியதும், "திங்கள் என்றால் நிலா, நம் பாடத்தில் இருக்கிறதே!" என்று மகள் துள்ளினாள். பேச்சுத் தமிழில் கிழமையின் பெயராக மட்டும் சுருங்கிவிட்ட ஒரு சொல்லை, அண்டை மொழிப் பாட்டு அவளுக்கு நிலவாகவே மீட்டுத் தந்தது.

இனி, அன்றாட ஒழுங்கு. பச்சைக் குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் அருந்தும். பகலென்றும் இரவென்றும் பாராமல் இரண்டு மூன்று மணிக்கொருமுறை விழிக்கும். நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணை மூன்றாம் நாளே பயனற்றுப் போயிற்று. முதல் வாரத்தில் அதை விடாப்பிடியாய்க் காப்பாற்ற முயன்றது எங்கள் பிழை. கணக்குப் பாடத்தின் நடுவே அழுகை எழும், பாடம் நின்றுவிடும், பிள்ளைகளின் முகம் வாடும், தம்பியால் எல்லாம் கெடுகிறது என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் புகுந்ததையும் கண்டோம். மகன் ஒருநாள், இவனை மருத்துவமனைக்கே திருப்பித் தந்துவிடலாமா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டான்.

பிறகு மணிக்கணக்கை விட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். முதலில் தமிழ், அடுத்துக் கணக்கு, பின்னர் மற்றவை. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். தொட்டில் அடங்கியிருக்கும் வேளையில் எது முறையோ அது. எங்களில் ஒருவர் மகவுடன் அறையில் இருக்க, மற்றவர் காலையில் அலுவலுக்குப் புறப்படுமுன் தமிழை முடித்துவிடுவார். நாள் எவ்வளவு குலைந்தாலும் தமிழ் முடிந்திருக்கும். பாடத்திற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம், வெளியிடங்களில் வாழும் பிள்ளைகளுக்கென்றே மழலைப் பாடங்களை ஒலியுடன் வைத்திருக்கிறது. ஆச்சி இல்லாத வீடுகளுக்கு அது பெருந்துணை. ஆயினும் அது தொட்டிலை ஆட்டாது.

இதில் நாங்கள் புதுமை ஏதும் செய்துவிடவில்லை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் புதல்வரைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். 1900இல் கடைசி மகன் தேவதாஸ் டர்பனில் பிறந்தபோது, உதவிக்கு உரியவர் வருமுன் பேறு நெருங்கிவிட, அவரே உடனிருந்து மகவை ஏந்தினார். அதற்கென முன்பே ஒரு நூலைக் கற்று வைத்திருந்தார் என்பது அவர் வரலாற்றில் காணும் செய்தி. ஜோஹன்னஸ்பர்கில் வீட்டிலிருந்து அலுவலகம் சென்று மீளும் ஏறத்தாழ ஐந்து மைல் நடையே பிள்ளைகளின் வகுப்பாயிற்று. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் தவறாமல் எழுத்துக் கல்விக்கு ஒதுக்க இயலாமற்போனதைப் பிற்காலத்தில் அவர் வருத்தத்துடன் எழுதினார். புதல்வருக்கும் அக்குறை இருந்தது. வீட்டுக் கல்வியை உயர்த்திப் பேசுவோர் இப்பகுதியை விட்டுவிடலாகாது. 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையிலோ, அங்கேயே பிறந்து தமிழ் எழுத்தறியாத தமிழ்ச் சிறுவர்க்கு, போப் எழுதிய தமிழ்க் கைந்நூலைத் துணையாகக் கொண்டு அவரே எழுத்துக் கற்பித்தார். பேச்சுத் தமிழில் தம்மை மாணவர் எளிதில் வென்றுவிடுவர் என்பதை அவர் மறைக்கவில்லை. பிள்ளைகளிடம் பேச்சு இருந்தது, எழுத்து இல்லை. இக்காலத்து நம் பிள்ளைகள் சிலரிடம் எழுத்து இருக்கிறது. கொஞ்சும் பேச்சு இல்லை.

அந்த நடைவகுப்பை நாங்களும் கைக்கொண்டோம். தாய் சற்றுக் கண்ணயர வேண்டுமானால் மற்ற இருவரையும் வெளியே அழைத்துச் செல்வதே வழி. யூதத் தெருவில் 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தின் மணிக்கூண்டு 1760இல் கட்டப்பட்டது; எபிரேயம், ரோமன், மலையாளம் என அதன் முகங்களில் வெவ்வேறு எண்கள். மலையாள எண்ணையும் தமிழ் எண்ணையும் அருகருகே எழுதச் செய்தோம். ௧, ௨ என்பவை எவ்வளவு நெருங்கியவை என்பதைப் பிள்ளைகளே கண்டனர். கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் பழைய கல்லறைக் கல் இருக்கிறது. அவர் இக்கொச்சியில் இறந்தது 1524 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். 1539இல் உடல் லிஸ்பனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. எத்தனை ஆண்டு இங்கே கிடந்தார் என்று மகன் விரல்விட்டு எண்ணிப் பதினைந்து என்றான். கழித்தல் கணக்கு அன்று அவனுக்கு விளங்கிற்று.

அங்கிருந்து வெளி என்னும் பகுதிக்குச் சென்றோம். டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொணர்ந்த வண்ணார் குடும்பங்களின் வழியினர் தொழில் செய்யும் துறை அங்கே உண்டு. வரிசை வரிசையாய்க் கற்களும், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே கவ்வி உலர்த்திய துணிகளும் காட்சியளிக்கும். அங்கே முதியவர் ஒருவர், "எந்த ஊர், தாயி?" என்று எங்கள் மகளைத் தமிழில் கேட்டார். அவள் மட்டாஞ்சேரி என்றாள். "நானும் இந்த ஊர்தான்" என்று அவர் சிரித்தார். அக்குடும்பங்களுக்குப் பாடநூலோ இணையமோ தமிழைக் காத்துத் தரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க வருவோர் தொகை பெருகிற்று. டிசம்பர் முதல் நாளிலிருந்து இருபத்தைந்து நாள் புலால் நீக்கி நோன்பு காப்பது கேரளக் கிறித்தவர் பலரது வழக்கம். நோன்பிருக்கும் அண்டை அம்மையார் எங்கள் பத்திய உணவை மிகப் பரிவுடன் விசாரிப்பார். 24ஆம் நாள் மகவுக்கு இருபத்தெட்டாவது நாள். கேரளத்தில் அன்று குழந்தைக்கு அரைஞாண் கட்டுவர். நம் வழக்கம் வேறாயினும், தெருவார் எதிர்பார்த்ததால் ஆச்சியே கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். கேக்குடன் வந்தோர் குழந்தையை முத்தமிட விரும்பினர். சளி இருப்போர் வாயிலில் நின்று காணலாம், மற்றோர் கை கழுவிவிட்டுத் தூக்கலாம், முத்தம் வேண்டா என்று ஒரு நியதி செய்தோம். அதை அறிவிக்கும் பொறுப்பை மகனிடம் தந்தோம். ஐந்து வயதுக் காவலனிடம் எவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சீனித் தண்ணீரும் தேனும் நாவில் தடவும் பழக்கத்தை ஆச்சி விட மனமின்றி விட்டார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டா என்பதும், ஓராண்டுக்குள் தேன் ஆகாது என்பதும் மருத்துவர் கூற்று. ஆறாம் வாரத் தடுப்பூசி நாளைக் கணக்கிட்டு, ஜனவரி 8 என்று மகளே நாட்காட்டியில் குறித்தாள்.

அம்மையார் வீட்டுப் புல்கூட்டைக் காணப் பிள்ளைகள் போயினர். களிமண் பொம்மைகளின் நடுவே கந்தையில் சுற்றிய குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த மகன், "அந்தப் பாப்பாவுக்குத் தொட்டில் இல்லையா?" என்று கேட்டான். தமிழ் விவிலியத்தில் குழந்தையைக் கிடத்திய இடம் முன்னணை என்றிருக்கிறது. மாட்டுக்கு முன்னே தீனி வைக்கும் இடம் அது. மலையாளத்தில் பசுத்தொட்டி. ஆச்சிக்கு முன்னணை உடனே விளங்கிற்று. அவர்கள் பிறந்த வீட்டுத் தொழுவத்தில் அது இருந்தது. தொழுவம், கன்று, வைக்கோற்படப்பு என்று அன்று மாலை முழுதும் பாடம் அதுவாகவே ஆயிற்று. நள்ளிரவில் பறையொலியுடன் வந்த பாடற்குழுவினர், குழந்தை இருக்கிறது என்றதும் பறையை நிறுத்திவிட்டு மெல்லிய குரலில் பாடிச் சென்றனர். ஆண்டின் கடைசி இரவில் பாப்பாஞ்ஞி என்னும் முதியவர் உருவத்தைக் கோட்டைக் கொச்சியில் கொளுத்தும் விழாவுக்கு மட்டும் இவ்வாண்டு போவதில்லை என்று முடிவு செய்தோம். அக்கூட்டமும் வெடியோசையும் பச்சைக் குழந்தைக்கு உகந்தவையல்ல. மகன் இரண்டு நாள் முகம் திருப்பிக்கொண்டிருந்தான்.

இவ்வளவுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்த நல்ல பாடநூல் பிள்ளைத்தமிழ் இலக்கணம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தை வளரும் பருவங்களை நம் முன்னோர் வகுத்துவைத்தனர். பாட்டியல் நூல்களுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டாயினும், மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி எனக் கொள்ளலாம். செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி கைகொட்டுவது. ஏட்டில் படித்த மகள், தம்பி இவற்றைச் செய்யும் நாளைத் தானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பொறுப்பேற்றுக்கொண்டாள். இதற்காக அவனை ஓயாது நோக்குகிறாள். நோக்கும்போதெல்லாம் அவனிடம் பேசுகிறாள். ஆச்சியின் சொற்கள் அவள் வாயில் வரத் தொடங்கியிருக்கின்றன. 'வாவே' என்பது முற்றும் போய்விடவில்லை; மலையாளம் ஒரு நேரம், தமிழ் ஒரு நேரம்.

ஆச்சி தைப்பொங்கலுக்கு ஊர் திரும்புகிறார்கள். புதிய நாட்காட்டியின் பங்குனித் தாளில் மகள் 'செங்கீரை' என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். ஒற்றெழுத்தில் பிழையில்லை.